தேத்தாங்கொட்டை

பருப்பு வேகவில்லை.

விடிந்ததிலிருந்து கொதிக்கிறது. ஒரு கட்டு விறகு தீர்ந்துவிட்டது. பாவாயி அகப்பையால் நாலு பருப்பை அள்ளி நசுக்கிப் பார்த்தாள். போட்டது போட்டபடி கல்லாகவே கிடந்தது. கரட்டுப்புதூர்த் தண்ணீரின் லட்சணம் அது. குடித்தால் தாகம் கூடும். தலைக்கு ஊற்றினால் மயிர் சடை பிடிக்கும். வெள்ளை வேட்டியைத் துவைத்தால் இரண்டே மாதத்தில் பழுப்பாகிவிடும். புதுச்சத்திரத்தைச் சுற்றி எத்தனையோ ஊர் இருக்க, இந்த ஒரு கரட்டடியில் மட்டும் பூமிக்குள் எவன் உப்பு மூட்டையைக் கொட்டி வைத்தானோ! அந்த ஊர்க்காரர்கள் துவரம்பருப்பு வாங்குவதையே விட்டுவிட்டார்கள். கொள்ளை வறுத்துத் திரித்துக் கம்பங்களிக்குத் தொட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள்.

"விடு சாமி, அது வேகாது. நான் இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளாப் பாக்கறனே," என்றாள் மாமியார் பெரியநாயகி. "உங்கய்யனுக்குக் கொள்ளு கடைஞ்சு வெச்சா ஆவாதா?"

"ஆவாதுங்க அத்தை. பருப்பு இல்லாட்டி அவருக்குச் சோறு எறங்காது. அதான் இன்னைக்கே வேகுதான்னு வெச்சுப் பாக்கறேன்."

அது பாதிதான் உண்மை. பருப்பு மட்டுமா பாவாயியின் கவலை? மறுநாள் மதியத்துக்குள் வருவதாகச் சந்தைக்குப் போய் வந்தவன் மூலம் அப்பா அங்கமுத்து சொல்லி அனுப்பியிருந்தார். வருகிறவர் வாசலில் இறங்கியதும் தண்ணீர் கேட்பார். கொடுத்தால் குடிப்பார். குடித்தால் எல்லாம் அம்பலமாகிவிடும்.

என்ன அம்பலம் என்று கேட்கிறீர்களா? சொல்லத்தான் வேண்டும்.

அந்த வறண்ட சீமையில் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தால் நிலத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். வந்து உட்கார்ந்ததும் ஒரு சொம்பு வரும். பெண்ணின் அப்பன் அதை வாங்கி, அண்ணாந்து ஊற்றாமல், வாய் வைத்து ஒரு மிடறு உருட்டிக் குடிப்பான். தண்ணீர் பிடித்தால் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால், "சோசியரைக் கேட்டுச் சொல்லி அனுப்பறமுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள். கரட்டுப்புதூர்ப் பையன்களுக்கு இப்படி எத்தனை சோசியரோ! முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாமல் ஊரில் ஒரு கும்பலே திரிந்தது.

பாவாயியின் புருஷன் சென்னிமலைக்கும் அதே கதி வர இருந்தது. நிலம் இருந்தது, இரண்டு ஜோடி மாடு இருந்தது, கை சுத்தம், வாய் சுத்தம். தண்ணீர்தான் சுத்தமில்லை. மோகனூருக்கு மேற்கே காவிரிக் கரையில் நெல்லும் வாழையுமாக வாழ்ந்துகொண்டிருந்த அங்கமுத்து, தூரத்து உறவு என்று வீடு பார்க்க வந்தார். ஒரு சொம்பு குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு சென்னிமலையை ஏற இறங்கப் பார்த்தார். நாலாம் நாள் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்.

பாவாயி புகுந்த வீட்டுக்கு வந்தபோது கூட வந்த உறவுக்காரர்கள் தண்ணீர் கேட்டால் மோர் வந்தது. மறுபடி கேட்டால் இளநீர் வந்தது. 'ஆஹா, என்ன உபசாரம்!' என்று மெச்சிக்கொண்டே அவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்கள் வண்டி மறைந்த பிறகு பாவாயி குடத்தில் மொண்டு ஒரு வாய் குடித்தாள். குடித்ததை அப்படியே வாசலில் துப்பினாள்.

"ஏனுங்க, இது என்ன தண்ணி?"

சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டான். "இதான் நம்மூர்த் தண்ணி. அன்னைக்கு உங்கய்யனுக்குக் குடுத்தது உங்க ஆத்துத் தண்ணி. ரெண்டு நாள் முன்னாடியே வண்டி கட்டிப் போயி ரெண்டு கொடம் கொண்டாந்தேன். பக்கத்தூர்க் கெணத்துல கேட்டிருந்தா சேதி பரவிப் போயிருக்கும். அதான் அம்புட்டுத் தொலைவு போனேன்."

ஒரு மாதம் அவள் அவனோடு பேசவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு களியைக் கிண்டினாள், சாணியை அள்ளினாள். மூட்டையைக் கட்டிக்கொண்டு போயிருப்பாள். போனால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். பொய்யென்றால் அங்கமுத்துவுக்கு ஆகவே ஆகாது. மூத்த மகளுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் இரவல் மாடுகளைத் தங்கள் மாடு என்று தொழுவத்தில் கட்டிக் காட்டியது தெரிந்து, முகூர்த்தக்கால் நட்ட பிறகும் கல்யாணத்தை நிறுத்திய மனுஷர் அவர். இரவல் தண்ணீரைக் காட்டியவனை விடுவாரா? அவன் முகத்தில் ஆயுசுக்கும் முழிக்க மாட்டார். மகளைக் கையோடு அழைத்துப் போய்விடுவார்.

அழைத்துப் போகட்டுமே என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அப்படி நினைக்க முடியாமல் போயிற்று. காரணம் சென்னிமலைதான். செய்த தப்புக்குப் பரிகாரமாக நல்ல தண்ணீர் காண்பேன் என்று அவன் மேட்டுக்காட்டில் புதுக்கிணறு வெட்ட இறங்கினான். கருங்கல் பாறை. வெடி வைத்துத் தகர்த்து, கூடை கூடையாகக் கல்லைச் சுமந்து, இரண்டு கோடை முழுக்க அந்தக் குழிக்குள்ளேயே கிடந்தான். ஒருநாள் வெடியில் தெறித்த சில்லு புருவத்தைக் கிழித்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளும் இறங்கினான். கடைசியில் ஊற்று பீறிட்டபோது ஊரே ஓடி வந்தது. சென்னிமலை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தான். மேலே நின்ற பாவாயி அவன் முகத்தைப் பார்த்தாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதுவும் உப்பு.

"ஏறி வாங்க," என்றாள் அவள். "சோறு ஆறிப் போச்சு."

அன்றிலிருந்து அவனை விட்டுப் போகிற எண்ணம் போய்விட்டது. ஆற்றின் எண்ணம்தான் போகவில்லை.

அப்பப்பா, அந்த ஏக்கத்தை என்னவென்று சொல்வது! ஆடியில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு வரும். அம்மா கந்தம்மாள் குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையைக் கரகரவென்று தேய்த்துவிட்டு அதில் ஆற்று நீரை ஊற்றி வைப்பாள். விடிவதற்குள் சேறெல்லாம் அடியில் உறைந்து, மேலே தண்ணீர் கண்ணாடியாக நிற்கும். லேசான துவர்ப்போடு தொண்டையில் இறங்கும். இறங்கிய பிறகு நாக்கில் ஓர் இனிப்பு தங்கும். கரட்டுப்புதூரில் களை வெட்டும்போதும், வெயிலில் கம்பு அறுக்கும்போதும் பாவாயியின் நாக்கு அந்த இனிப்பைத் தேடிக்கொண்டே இருந்தது. காவிரி ஒரு பகல் வண்டித் தூரத்தில் ஓடுகிறது. கிழக்கே எங்கோ இருக்கிற தஞ்சாவூர்க்காரனுக்கு மடி நிறையக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. பக்கத்தில் இருக்கிற நமக்கு ஒரு சொம்பு தரக்கூடாதா என்று ஆற்றோடு சண்டை போடுவாள்.

தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனபோது மூன்று மாதம் குடித்துத் தீர்த்தாள். கைக்குழந்தை ராசம்மாளோடு வண்டியேறித் திரும்பியபோது வழியெல்லாம் அழுதாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இனி ஆற்றங்கரைக்குப் போவதில்லை என்று. இன்னொரு தடவை அந்தத் தண்ணீரைக் குடித்தால் திரும்பி வர மாட்டோம் என்ற பயம். ஆடி நோம்பிக்கு அழைப்பு வந்தால் வேலை என்பாள். அம்மா செத்த சாவுக்குக்கூடப் போய், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் திரும்பினாள். அப்பா வரட்டுமா என்று கேட்டு அனுப்பினாலோ, "ஊருல அம்மை போட்டிருக்குது, இப்ப வர வேண்டாம்" என்று பதில் போகும். கரட்டுப்புதூரில் அம்மை வந்ததோ இல்லையோ, பாவாயியின் வாயில் வருஷம் தவறாமல் வந்தது.

இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

"நான் வேணா வண்டி கட்டட்டுமா?" என்றான் சென்னிமலை.

"நீங்க ஆத்துக்குப் போயி வாரதுக்குள்ள அவரு இங்க வந்து உக்காந்திருப்பாருங்க."

மேற்கே பக்கத்தூரில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று இருந்தது. சித்திரை வெயிலில் அதுவும் வறண்டு, அடியில் தவளைகூட இல்லை.

"அப்பச் சொல்லிப்புடலாம் பாவாயி. எத்தனை நாளைக்கு மறைக்கறது?"

"சொன்னா உங்க மூஞ்சியில முழிக்க மாட்டாரு. எனக்கு நீங்களும் வேணும், எங்கய்யனும் வேணும். பேசாம இருங்க. மோர் குடுத்துச் சமாளிக்கறேன்."

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு முன்பே வண்டி வந்து நின்றது. அங்கமுத்து தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வண்டிக்குள் வைக்கோலில் அரிசி மூட்டையும் வாழைத்தாரும், வாயைத் துணியால் வேடு கட்டிய இரண்டு பித்தளைக் குடங்களும் இருந்தன. பாவாயி எதையும் பார்க்கவில்லை. ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நினைவு வந்தவளாக உள்ளே ஓடிச் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தாள்.

அங்கமுத்து சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். "மோரு வேண்டாம் சாமி. தண்ணி குடு."

"வெயில்ல வந்திருக்கீங்க. மோரு குடிங்க ஐயா."

"உன்னைக் கொண்டாந்து உட்ட அன்னைக்கும் எல்லாத்துக்கும் மோருதான் ஊத்துனாங்களாம். இன்னைக்கும் மோரா? உன்ற ஊட்டுத் தண்ணி ஒரு சொம்பு குடு."

பாவாயி மோர்ச் சொம்பை நீட்டியபடியே நின்றாள். சென்னிமலை முன்னால் வந்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மாமா, நான் உங்களுக்கு ஒரு துரோகம் பண்ணிட்டனுங்க. அன்னைக்கு நீங்க குடிச்சது இந்த ஊர்த் தண்ணி இல்லீங்க."

"தெரியும் மாப்பிள்ளை."

"தெரியுங்களா?"

"வாயில வெச்சதுமே தெரியும். கெணத்துத் தண்ணியில தேத்தாங்கொட்டை வாசம் எங்கிருந்து வரும்? கெணத்துத் தண்ணிக்கு எவனாச்சும் தேத்தாங்கொட்டை தேய்ப்பானா?" கிழவர் சிரித்தார். "சந்தேகந் தீரத்தான் இன்னொரு சொம்பு கேட்டேன். அடியில துளியூண்டு செவப்பு வண்டல். ஆவணி மாசத்துக் காவேரி. இந்த மேட்டுக்காட்டுல அது எப்படி ஊறும்?"

சென்னிமலை வாயைப் பிளந்தான். திருட்டுத்தனம் செய்யத் தெரியாதவன் செய்தால் இப்படித்தான். ஆற்றைக் கொண்டுவந்தவன் ஆற்றங்கரையின் வாசத்தையும் சேர்த்தல்லவா கொண்டுவந்துவிட்டான்!

சென்னிமலை தப்பித்தான். பாவாயிக்குத்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு அவள் காத்த ரகசியம், ஒருநாள்கூட ரகசியமாக இருக்கவில்லை.

"தெரிஞ்சேவா என்னை இந்த உப்புக் காட்டுக்குக் குடுத்தீங்க?" என்று கத்தினாள். "தெரிஞ்சேவா ஐயா? இரவல் மாட்டைக் காட்டுனவனைத் தொரத்தி உட்டீங்க. எனக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கிட்டீங்க? நான் இங்க என்ன பாடு பட்டேன்னு தெரியுமா? ஒரு வாய் தண்ணிக்கு நான் பறந்த பறப்பு உங்களுக்குத் தெரியுமா?"

அங்கமுத்து தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் கோவந்தான் சாமி. இதையும் முறிச்சுப் போடோணும்னுதான் ஊடு வந்து சேர்ந்தேன். உங்கம்மாதான் கேக்கல. 'இரவல் மாடு கட்டறதுக்கு என்ன பாடு? பக்கத்து ஊட்டுல அவுத்தாப் போதும். இந்தப் பையன் ஒரு பகல் முச்சூடும் வண்டி ஓட்டி வந்து, கொடம் தளும்பாமக் கொண்டுபோயி, தெளிய வெச்சுக் குடுத்திருக்கான். ஒரு சொம்புத் தண்ணிக்கு இம்புட்டுப் பாடுபடறவன் பொண்டாட்டிய வெச்சுக் காப்பாத்துவான்'னா. நானும் சரின்னுட்டேன்." அவர் நிமிர்ந்தார். "தப்பாப் போச்சா?"

பாவாயி புருஷனைப் பார்த்தாள். புருவத்தில் அந்தத் தழும்பு வெயிலில் பளபளத்தது.

"அவரு ஒரு கொறையும் வெக்கலீங்க," என்றாள். "அப்ப ஏனுங்க இத்தனை வருசமா வரல?"

"நீதான் அம்மைன்னு சொல்லி உட்டியே. தண்ணி குடுக்க வெக்கப்படறேன்னு புரிஞ்சுது. ஏன் போயிப் புள்ளைய நோகடிக்கோணும்னு இருந்துட்டோம். நீ வருவேன்னு பார்த்தோம். ஒவ்வொரு ஆடி நோம்பிக்கும் உங்கம்மா தனியா ஒரு கொடம் தேத்தாங்கொட்டை தேச்சு ஊத்தி வெப்பா. 'இது பாவாயிக்கு, யாரும் தொடாதீங்க'ம்பா. நோம்பி கழிஞ்சு மூணாம் நாள் அதை வாழைக்கு ஊத்துவா. சாகற வருசம் வரைக்கும் ஊத்துனா."

பாவாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை அடிவயிற்றிலிருந்து வந்தது. அம்மாவின் சாவுக்குப் போன அன்று அந்த வீட்டில் ஒரு சொம்பு வாங்கிக் குடிக்காமல் வந்தோமே என்பதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது. பெரியநாயகி மருமகளின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, தானே உள்ளே போய்ச் சொம்பில் கிணற்றுத் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள்.

அங்கமுத்து வாங்கினார். வாய் வைத்துக் குடித்தார். முதல் மிடறில் அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. சொம்பைக் கீழே வைக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்தார்.

"ஒண்ணும் மோசமில்ல சாமி," என்றார். "குடிக்கலாம்."

பொய்க்காகக் கல்யாணத்தையே நிறுத்தியவர் சொன்ன பொய் அது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அந்தக் கொடத்தை எறக்குங்க மாப்பிள்ளை. அது பாவாயிக்கு. இனிமே அவ வாரதுக்கு நான் காத்திருக்க முடியாது, காலம் போச்சு. அதான் ஆத்தைத் தூக்கிக்கிட்டு நானே வந்துட்டேன்."

குடம் இறங்கியதும் ராசம்மாள்தான் முதலில் ஓடி வந்தாள். அப்புச்சி கொண்டுவந்த தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அப்புச்சி, இதுல ருசியே இல்லீங்க! உப்புப் போட மறந்துட்டீங்களா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஐயோ, என்ற பேத்திக்கு நாக்குச் செத்துப் போச்சே!" என்று கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். அழுதுகொண்டிருந்த பாவாயியும் சிரித்தாள்.

ஆற்று நீரில் உலை வைத்தாள். நேற்றெல்லாம் கல்லாக முரண்டு பிடித்த அதே பருப்பு, உலை கொதித்த கொஞ்ச நேரத்தில் மலர்ந்து கரைந்தது. பூண்டும் மிளகாயும் தாளித்த மணம் தெரு வரைக்கும் போயிற்று. பெரியநாயகி சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "அட, இப்படியா வேகும் பருப்பு!" என்று வியந்தாள். அப்பாவுக்குப் பரிமாறி, நெய் ஊற்றி, அவர் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்த பிறகுதான் பாவாயி தனக்கென்று ஒரு சொம்பு மொண்டாள். வேண்டுமென்றே தள்ளிப் போட்டிருந்தாள். எத்தனை வருஷத்து ஆசை! அவசரப்பட்டுக் குடிக்க மனம் வரவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு வாயில் ஊற்றினாள்.

சப்பென்று இருந்தது.

இன்னொரு மிடறு குடித்தாள். நாக்கில் உருட்டிப் பார்த்தாள். துவர்ப்பு இல்லை, இனிப்பு இல்லை. வெறும் ஈரம். ஏதோ ஒன்று குறைகிறதென்று நாக்கு தேடியது. என்ன குறைகிறது என்று தெரிந்ததும் அவளுக்குப் பகீரென்றது. உப்பு.

"மேட்டூர்ல அணை கட்டுன பொறவு ஆடியிலகூடச் செந்தண்ணி வாரதில்ல," என்றார் அப்பா, இலையிலிருந்து நிமிராமல். "தெளிஞ்சே வருது. தேத்தாங்கொட்டைக்கு வேலையே இல்லாமப் போச்சு."

அதனால்தானா? தண்ணீர்தான் மாறிவிட்டதா? அப்படியே இருக்கட்டும் என்று ஒரு கணம் மனம் பிடித்துக்கொண்டது. ராசம்மாளைப் பார்த்தாள். மகள் கிணற்றுத் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள். அணையின் மேல் பழி போட முடியவில்லை.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு பார்க்க வந்தவர் சொம்பைக் குடித்துவிட்டு என்ன சொல்லப் போகிறாரோ என்று அன்றைக்குச் சென்னிமலை எப்படிப் பார்த்திருப்பானோ, அப்படி.

"எப்படி இருக்குது சாமி?"

"இனிக்குதுங்க ஐயா," என்றாள் பாவாயி. "அம்மா ஊத்தி வெப்பாங்களே, அதே மாதிரி."

அவர் பார்க்கப் பார்க்க முழுச் சொம்பையும் குடித்தாள். கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. இன்னும் ஒரு கை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு நாள் இருந்துவிட்டு அவர் கிளம்பினார். வண்டி கரட்டைத் தாண்டி மறைகிற வரைக்கும் பாவாயி நின்றாள். பிறகு வீட்டுக்குள் போகாமல் நேரே மேட்டுக்காட்டுக்கு நடந்தாள். சென்னிமலை வெட்டிய கிணற்றில் வாளியை இறக்கி, சேந்தி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள். ஆற்றுத் தண்ணீருக்கு இரண்டு நாளாக அடங்காமல் இருந்த தாகம் அடங்கியது. வாளியைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்து, ஊருக்குக் கேட்காமல் அழுதாள்.